பழைய ஜீப்பும் நமது முற்றமும்

குறிஞ்சாக்கேணியிலும் அதனை அண்டிய கிராமங்களிலும் விவசாயம் வயலோடு முடிந்துவிடுவதில்லை. விதை நெல்லும் பசளையும் வயலுக்குப் போய்ச் சேர வேண்டும். அறுத்த நெல் அடுத்த மழைக்கு முன் ஆலைக்குப் போய்ச் சேர வேண்டும். இரவில் வலி கண்ட கர்ப்பிணித் தாய் விடியுமுன் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர வேண்டும். களப்பும் ஆறும் வாய்க்காலும் குறுக்கறுத்துக் கிடக்கும் இந்த மண்ணில், மாரி காலத்தில், இந்தப் 'போய்ச் சேருதல்'தான் ஒரு குடும்பத்தின் வருமானத்தையும், சில வேளைகளில் உயிரையும் தீர்மானிக்கின்றது.

எனவே, நான்கு சில்லும் இழுக்கும் ஒரு பழைய ஜீப்போ லான்ட் றோவரோ நமது மக்களுக்கு ஆடம்பரப் பொருளன்று. இடம்பெயர்ந்து திரும்பிய குடும்பங்கள் சில, கழித்து ஏலத்தில் விடப்பட்ட வண்டியைக் கூட்டாக வாங்கி வைத்திருக்கின்றன. வேறு சிலரின் வண்டி பற்றைக்குள் பல ஆண்டுகள் நின்று, இப்போது முற்றத்துக்கு வந்திருக்கின்றது. "இதை வைத்து என்ன செய்யலாம்?" என்று பலர் நம்மிடம் கேட்கின்றனர்.

நமது பதில் இதுதான். வேலையின் பெரும்பங்கை நீங்களே உங்கள் முற்றத்தில் செய்யலாம். ஆனால் சில வேலைகளை ஒருபோதும் முற்றத்தில் செய்யக்கூடாது. எது எந்தப் பக்கம் என்று பிரித்தறிவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பழையதைப் பேணுவது ஏன்?

2020 மார்ச்சில் நமது நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 பெப்ரவரியிலேதான் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது. அதுவும் கடும் வரியுடன். இடைப்பட்ட ஆண்டுகளில் பழைய வண்டிகளின் விலையும் ஏறியது. மாதத் தவணைக் கடனில் வண்டி எடுத்தவருக்கு ஒரு போகம் பிழைத்தால் போதும். வண்டியும் போகும், கட்டிய பணமும் போகும். கடனின்றிக் கையிலுள்ள பழைய வண்டியை ஓடும் நிலையில் வைத்திருப்பது, கடன் வாங்காமல் இருப்பதற்கான ஒரு வழியுமாகும்.

இன்னொரு காரணமும் உண்டு. இவ்வகை வண்டிகள் விவசாயிகளை எண்ணியே உருவானவை. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படையினர் பயன்படுத்திய வில்லிஸ் ஜீப் ஒன்றை, இங்கிலாந்தின் றோவர் கம்பனிப் பொறியியலாளர் மொறிஸ் வில்க்ஸ், வேல்ஸ் நாட்டின் அங்கிள்சித் தீவிலிருந்த தமது பண்ணையில் ஓட்டி வந்தார். அது பழுதடைந்தால் அதற்கு ஈடாக என்ன வாங்குவது என்ற கேள்வியிலிருந்து பிறந்ததே லான்ட் றோவர். 1948 ஏப்ரலில் அம்ஸ்ரடாம் கண்காட்சியில் அது முதன்முதலாகக் காட்சிக்கு வந்தது. போருக்குப் பின் உருக்குத் தட்டுப்பாடு நிலவியதால் அதன் உடல் அலுமினியக் கலவையால் செய்யப்பட்டது. எஞ்சினின் சுழற்சியை வெளியே எடுத்துப் பண்ணை இயந்திரங்களை ஓட்டும் வசதியும் அதில் இருந்தது. அக்காலத்திலேயே, 1947இல், இந்தியாவில் மகேந்திரா நிறுவனம் வில்லிஸ் ஜீப்பைப் பொருத்தத் தொடங்கியது.

இவற்றில் கணினி இல்லை. பெரும்பாலான பாகங்கள் நட்டும் போல்ற்றும் கொண்டு இணைக்கப்பட்டவை. கழற்றலாம், பார்க்கலாம், திரும்பப் பூட்டலாம். மேற்கு வங்காளத்தின் மானேபஞ்சாங்கிலிருந்து சந்தக்பூ மலைக்குப் பழைய லான்ட் றோவர்கள் பல்லாண்டுகளாக ஆட்களை ஏற்றி ஓடி வந்திருக்கின்றன. தேனி மாவட்டத்தின் கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டத்துக்குச் சூரியநெல்லியிலிருந்து ஏறும் கற்பாதையில் ஓடுபவையும் ஜீப்களே. அவற்றை வாழ வைப்பது அந்தந்த ஊர்ச் சாரதிகளின் கைகளாகும்.

தடைக் காலம் கற்பித்த பாடம்

நமது மக்களுக்கு இக்கைவேலை புதிதன்று. 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்ட பின்னர் வடக்கிற்கு எரிபொருள், பற்றரி முதலிய பல பொருட்கள் தடை செய்யப்பட்டன. யாழ்ப்பாணத்தில் ஒஸ்ரின், மொறிஸ் மைனர் போன்ற பழைய பெற்றோல் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சிறிதளவு பெற்றோலைக் காபரேற்றரில் விட்டு எஞ்சினை உயிர்ப்பித்து, சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள்.

இது வெறும் தந்திரமன்று. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாவது கடினம், சூடேறினால் ஆவியாகும். இதே தத்துவத்தில் பெற்றோலில் தொடங்கி மலிவான எண்ணெயில் உழுத பேர்குசன் உழவு இயந்திரங்கள் முன்னர் இங்கிலாந்தில் இருந்தன. அதற்குரிய விலையும் உண்டு. எரியாத மண்ணெண்ணெய் கீழிறங்கி எஞ்சின் ஓயிலை நீர்த்துப் போகச் செய்யும்; எஞ்சின் தட்டும். ஆகவே ஓயிலை அடிக்கடி மாற்ற வேண்டியிருந்தது. இன்று நாம் எவரையும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. நாம் சொல்ல விரும்புவது வேறு: 'எப்படி' என்பதோடு நிற்காமல் 'ஏன்' என்றும் அறிந்தவர்கள்தான் அந்த ஆண்டுகளைக் கடந்தார்கள். 2022இல் எரிபொருள் வரிசையில் நாட்கணக்கில் நின்றபோதும், கியூ.ஆர். முறையில் கிழமைக்கு அளந்து தரப்பட்டபோதும், சீராகப் பேணப்பட்ட எஞ்சின் உள்ளவருக்கே கிடைத்த லீற்றர் கூடுதல் தூரம் போனது.

நெடுநாள் நின்ற வண்டி

கைவிடப்பட்ட வளவில் நின்ற வண்டியானால், முதலில் அந்த நிலத்தைப் பற்றிக் கேளுங்கள். கண்ணிவெடியோ வெடிக்காத குண்டோ இல்லை என்று உரியவர்கள் உறுதிப்படுத்தாத இடத்தில் பற்றை வெட்டவோ வண்டியை இழுக்கவோ வேண்டாம். ஆசனத்தின் கீழும் எஞ்சின் மூடிக்குள்ளும் பாம்பும் குளவியும் இருக்கக்கூடும்.

வண்டி முற்றத்துக்கு வந்தபின் சாவியைத் திருப்பும் அவசரம் வேண்டாம். பழைய எரிபொருளை வடியுங்கள். பெற்றோல் எஞ்சினானால் பிளக்குகளை, டீசலானால் இன்ஜெக்ரர்களைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் சிறிது ஓயில் விட்டு ஒரு நாள் ஊற விடுங்கள். பின்னர் கைப்பிடியால் மெதுவாகச் சுழற்றுங்கள். கைப்பிடியைப் பிடிக்கும்போது பெருவிரல் மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக இருக்க வேண்டும். எஞ்சின் திருப்பி உதைத்தால், எதிர்ப்பக்கம் வைத்த பெருவிரல் முறிந்துவிடும்.

எஞ்சின், கியர், முன் பின் டிபரன்சியல் ஆகிய எல்லாவற்றின் ஓயிலையும் வடித்துப் பாருங்கள். பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்துள்ளது. உருக்குத் துகள் மினுங்கினால் உள்ளே பல்லோ பெயறிங்கோ தேய்கின்றது. வடித்த ஓயிலைக் கிணற்றோரத்திலோ வாய்க்காலிலோ ஊற்ற வேண்டாம். நமது மணற்பாங்கான நிலத்தில் அது நேரே குடிநீருக்குப் போகும். கலனில் சேர்த்துக் கராச்சுக்குக் கொடுங்கள்.

முற்றத்தில் செய்யக்கூடியவை

முதல் விதி: ஜக்கை மட்டும் நம்பி வண்டியின் கீழ் நுழையக்கூடாது. உறுதியான மரக்கட்டைகளை அடிச்சட்டத்தின் கீழ் வைத்த பின்னரே நுழைய வேண்டும். பழைய லான்ட் றோவரிலும் வில்லிஸ் ஜீப்பிலும் கை பிறேக் சில்லுகளில் பிடிப்பதில்லை. கியர்ப் பெட்டிக்குப் பின்னால், சுழலும் தண்டிலேயே பிடிக்கின்றது. ஆகையால் ஒரு பின்சில்லை உயர்த்தியதும், கை பிறேக் இழுத்திருந்தாலும் வண்டி உருளக்கூடும். நிலத்தில் நிற்கும் சில்லுகளுக்கு இருபுறமும் கட்டை போடுவது கட்டாயம்.

ஸ்பனர் விடயத்திலும் கவனம் தேவை. பழைய ஆங்கிலேய, அமெரிக்க வண்டிகளின் நட்டுகள் அங்குல அளவிலானவை. யப்பானிய வண்டிகளுடையவை மில்லிமீற்றர் அளவிலானவை. ஒன்றின் ஸ்பனரை மற்றதில் போட்டால் நட்டின் மூலை மழுங்கும். பின்னர் வெட்டித்தான் எடுக்க வேண்டும். பற்றரியிலும் இப்படியே. 1960களின் நடுப்பகுதி வரை வந்த லான்ட் றோவர்களில் பற்றரியின் நேர்முனையே உடலோடு இணைக்கப்பட்டிருந்தது. பாராமல் மாற்றிப் பூட்டினால் மின்பாகங்கள் கெடும்.

டீசல் எஞ்சின் இடையில் நின்றால் பெரும்பாலும் காற்றோ அழுக்கோதான் காரணம். பில்ரரின் அடிக்கிண்ணத்தில் தேங்கிய நீரை வடியுங்கள். பில்ரரின் மேலுள்ள காற்றுத் திருகைச் சற்றுத் தளர்த்தி, கைப்பம்பை அடித்து, குமிழியில்லாமல் டீசல் வரும்போது இறுக்குங்கள். பழைய லான்ட் றோவர் டீசலில் காலையில் எஞ்சின் பற்றவில்லையானால், சூடாக்கும் பிளக்குகளைப் பாருங்கள். அவை ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுக்கப்பட்டிருப்பதால், ஒன்று அறுந்தாலே நான்கும் வேலை செய்யா.

லான்ட் றோவரின் இரண்டே கால் லீற்றர் எஞ்சினில் வால்வு இடைவெளி அங்குலத்தின் ஆயிரத்தில் 10 பங்கு. சிலிண்டர்கள் 1, 3, 4, 2 என்ற ஒழுங்கில் வெடிக்கும். இவ்விரண்டையும் எஞ்சின் மூடியின் உட்புறத்தில் எழுதி வையுங்கள். காற்று பில்ரர் ஓயில் கிண்ணம் உள்ளதானால், சூடடிப்புக் காலத்தில் தூசி மிகுதி என்பதால் அடிக்கடி கழுவி, குறித்த அளவுக்கு ஓயில் விடுங்கள். ஸ்பிரிங் தட்டுகளையும் சில்லுப் பெயறிங்குகளையும் கிறீஸ் இட்டுப் பேணுங்கள்.

கடற்காற்று வீசும் நமது பகுதியில் பெரும் எதிரி துரு. உடல் அலுமினியமாயினும் அடிச்சட்டம் உருக்கு. அது உள்ளிருந்தே அழுகும். சுத்தியலால் தட்டிப் பாருங்கள். நல்ல உருக்கு ஒலிக்கும், துருத்தது மந்தமாகக் கேட்கும். பின் குறுக்குச் சட்டத்தையும் ஸ்பிரிங் பிடிக்கும் இடங்களையும் முதலில் பாருங்கள். உவர்நீரில் இறங்கிய வண்டியை அன்றைக்கே நன்னீரால் அடிப்புறமும் சேரக் கழுவுங்கள்.

இவ்வேலைகளில் பெண்களும் பங்குபற்ற வேண்டும். ஓயில் மட்டம், தண்ணீர், ரயர்க் காற்று, பான் பெல்ட் ஆகிய நான்கையும் காலையில் பார்க்க ஐந்து நிமிடம் போதும். அவசர வேளையில் வீட்டில் நிற்பவர் பெரும்பாலும் தாய்மாரே.

சேற்றிலும் வெள்ளத்திலும்

நான்கு சில்லுப் பிடிப்பைத் தார் வீதியில் போட வேண்டாம். வளைவில் முன்சில்லுகள் பின்சில்லுகளைவிட நீண்ட தூரம் ஓடுகின்றன. இப்பழைய வண்டிகளில் அந்த வேறுபாட்டை ஈடுசெய்யும் டிபரன்சியல் நடுவில் இல்லை. சேற்றில் சில்லு வழுக்கி அது தீரும். தாரில் தீராமல் தண்டும் பல்லும் முறுகும். இதே காரணத்தால் நான்கு ரயரும் ஒரே அளவில் இருக்க வேண்டும். சேற்று வயலில் ரயர்க் காற்றைக் கொஞ்சம் குறைத்தால் பிடிப்பு கூடும். வீதிக்கு ஏறியதும் திரும்ப அடிக்க வேண்டும்.

தண்ணீரில் இறங்குமுன் ஆழத்தையும் அடித்தரையையும் அறிந்திருக்க வேண்டும். முழங்காலளவு நீரேயாயினும் வேகமாக ஓடினால் இறங்க வேண்டாம். சூடான டிபரன்சியல் திடீரெனக் குளிர்ந்தால் உள்ளே வெற்றிடம் உண்டாகி, காற்றுத் துவாரத்தின் வழியே நீரை உறிஞ்சும். அத்துவாரத்தில் ஒரு குழாயைப் பொருத்தி எஞ்சின் உயரத்துக்குக் கொண்டுபோவது, செலவு குறைந்த, மிகப் பயனுள்ள மாற்றமாகும். எஞ்சின் நீருக்குள் நின்றுவிட்டால் ஸ்ராட்டரை அடிக்கவே வேண்டாம். சிலிண்டருக்குள் புகுந்த நீர் அமுங்காது. உள்ளிருக்கும் தண்டுதான் வளையும். இழுத்துக் கரையேற்றி, பிளக்கோ இன்ஜெக்ரரோ கழற்றி, நீரை வெளியேற்றிய பின்பே சுழற்றுங்கள். கரையேறிய பின் பிறேக்கை மெல்ல மிதித்தபடி சிறிது தூரம் ஓட்டி உலர்த்துங்கள். நனைந்த பிறேக் பிடிக்காது.

மாற்றங்களைப் பற்றி

பெற்றோல் எஞ்சினைக் கழற்றி டீசல் எஞ்சின் வைப்பது நமது நாட்டில் நெடுங்கால வழக்கம். அது செலவைக் குறைக்கும். ஆனால் டீசல் எஞ்சின் பாரம் கூடியது. முன் ஸ்பிரிங்கும் எஞ்சின் தாங்கிகளும் அதற்கேற்ப வலுப்பெற வேண்டும். இழுவை மிகக் கூடிய புதிய எஞ்சினை வைத்தால் பழைய பின்னச்சுத் தண்டுகள் முறியும். எஞ்சினை மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் அதனைப் பதிய வேண்டும். பதியாத எஞ்சினோடு விபத்து நேர்ந்தால் காப்புறுதிக் கோரிக்கையும் சிக்கலுக்குள்ளாகும். இடப்பெயர்வில் பத்திரங்களைத் தொலைத்தவர்கள், வண்டிக்குச் செலவு செய்யுமுன் பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதியுடன் திணைக்களத்தை அணுகி உடைமையை உறுதிப்படுத்திக் கொள்ளுங்கள். பத்திரமில்லாத வண்டிக்கு வருமான அனுமதிப்பத்திரம் கிடையாது.

பெரிய ரயர் போடுவதும் வண்டியை உயர்த்துவதும் இளைஞருக்கு விருப்பமானவை. பெரிய ரயர் பிறேக்கின் வலுவைக் குறைக்கும், ஸ்ரியறிங்கை வருத்தும், எரிபொருளையும் கூடக் குடிக்கும். உயர்ந்த வண்டி வரம்பில் சரிந்தால் எளிதில் புரளும். கூடுதல் ஸ்பிரிங் தட்டுப் போட்டால் மூடை கூட ஏற்றலாம் என்பது மெய்தான். ஆனால் பிறேக் பழையபடியே இருக்கின்றது. எத்தனை மூடை ஏற்றலாம் என்பதை ஸ்பிரிங்கிடம் கேட்காமல் பிறேக்கிடம் கேளுங்கள்.

கையை எடுக்க வேண்டிய இடங்கள்

2021 நவம்பர் 23ஆம் திகதியை நமது பகுதி மறக்காது. குறிஞ்சாக்கேணிப் பாலத்தின் வேலை நடந்துகொண்டிருந்த வேளையில், மக்களை ஏற்றிய மிதவைப் பாதை கவிழ்ந்து, பாடசாலைச் சிறுவர்கள் உட்படப் பலர் மாண்டனர். அத்துயரத்தை எழுத நமக்கு வார்த்தையில்லை. ஆனால் வண்டியில் கை வைக்கும் ஒவ்வொருவரும் அதிலிருந்து ஒன்றை மனதிற் கொள்ள வேண்டும். நாமே பொருத்தும் ஒன்றில் அயலவரின் பிள்ளை ஏறுகின்றது. 'இதுவரை ஒன்றும் நடக்கவில்லை' என்பது பாதுகாப்புக்குச் சான்றாகாது.

ஆகவே பின்வருவனவற்றைத் தேர்ந்த தொழிலாளரிடமே விடுங்கள்.

பிறேக்: பழைய லான்ட் றோவர்கள் பலவற்றில் நான்கு சில்லுக்கும் ஒரே பிறேக் இணைப்புத்தான். ஓரிடத்தில் கசிந்தால் முழுவதும் போகும். பிறேக் ஓயில் இல்லையென்று எஞ்சின் ஓயில் ஊற்றினால் உள்ளிருக்கும் இறப்பர்கள் ஊதிப் பழுதாகும். பழைய பிறேக் பட்டைகளில் அஸ்பெஸ்ரஸ் இருந்தது. அத்தூசியை ஊதாதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள். அது நுரையீரலுக்கு நஞ்சு.

ஸ்ரியறிங்: தேய்ந்த மூட்டுகளை மாற்றலாம், வளைந்த தண்டை நிமிர்த்தவோ ஒட்டவோ கூடாது.

அடிச்சட்டம்: துருத்த இடத்தின் மேல் தகடு வைத்து ஒட்டினால் துரு மறையும், பலம் வராது. அழுகியதை வெட்டி நீக்கி, அளந்து, முறையாக வெல்டிங் செய்ய வேண்டும்.

எரிபொருள் தாங்கி: எத்தனை ஆண்டு வெறுமையாகக் கிடந்தாலும் அதை முற்றத்தில் வெல்டிங் செய்யாதீர்கள். உள்ளே தங்கியிருக்கும் ஆவி குண்டுபோல் வெடிக்கும்.

கூட்டாகச் செய்தல்

தனியொரு குடும்பம் எல்லா ஆயுதமும் வாங்க முடியாது. ஐந்து குடும்பங்கள் சேர்ந்தால் ஒரு நல்ல ஸ்பனர்த் தொகுதி, ஒரு ஜக், ஒரு கிறீஸ் துப்பாக்கி, வால்வு அளவுகோல் ஆகியவற்றை வாங்கி ஒரு பெட்டியில் வைக்கலாம். ஒரு கொப்பியும் வேண்டும். எந்தத் திகதியில் எந்த ஓயில் மாற்றப்பட்டது, எந்தப் பாகம் எங்கே வாங்கப்பட்டது, வண்டியை யார் கொண்டு போனார், என்ன சத்தம் கேட்டது என எல்லாவற்றையும் எழுதுங்கள். கூட்டு வண்டி பழுதாகும்போது எழும் மனக்கசப்பில் பாதி அந்தக் கொப்பியாலேயே தீரும். ஏற்றுகூலியில் ஒரு பகுதியை ரயருக்கும் பிறேக்குக்கும் என்று ஒதுக்கி வையுங்கள்.

நமது ஊர்களில் முறையாகப் படிக்காமலே எஞ்சினின் சத்தத்தைக் கேட்டு நோயைச் சொல்லும் மூத்தவர்கள் இருக்கின்றார்கள். இளைஞரை அவர்களோடு அமர்த்துங்கள். கையால் கற்ற தொழிலையும் பரீட்சித்து, தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் வழங்கும் முறை நமது நாட்டில் உண்டு. அருகிலுள்ள தொழிற்பயிற்சி அதிகார சபை நிலையத்தில் அதுபற்றி விசாரியுங்கள். முற்றத்தில் பழகிய பிள்ளைக்கு அச்சான்றிதழ் கராச்சிலும் வெளிநாட்டிலும் மதிப்புத் தரும்.

நாசரேத்தூர் இயேசு ஒரு தச்சனின் வீட்டிலேயே வளர்ந்தார். கைவேலையைத் தாழ்வாக எண்ணும் பழக்கம் நமக்கு எங்கிருந்து வந்ததோ தெரியாது, நம்பிக்கையிலிருந்து வரவில்லை. கோவிலுக்குப் போகிறவரும் பள்ளிவாசலுக்குப் போகிறவரும் தேவாலயத்துக்குப் போகிறவரும் ஒரே சேற்றில்தான் வண்டியைத் தள்ளுகின்றோம்.

காணி, வீடு, மாடு, உழவு இயந்திரம் என்று பலவற்றை விட்டுவிட்டு ஓடியவர்கள் நீங்கள். விட்டுவிட்டு ஓட முடியாத உடைமை ஒன்று உண்டு. அது கையிலுள்ள தொழில். பெரும்போக மழைக்கு முன், அயலிலுள்ள ஐந்து குடும்பங்கள் ஒரு ஞாயிறு பின்னேரம் கூடுங்கள். முதலில் அடிச்சட்டத்தைச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். அடுத்ததாகப் பிறேக்கைப் பாருங்கள். எஞ்சினின் முறை அதற்குப் பிறகே.